வீட்டில் நிலைமை சரியில்லாதபோது படிப்பில் ஊக்கம் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வீட்டில் பிரச்சினை, புத்தகத்தைத் திறந்தால் மனசு ஓடவில்லை, ஊக்கத்துக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன பிரச்சினை என்று சொல்லவில்லை. யாருக்கோ உடம்பு சரியில்லை, அல்லது பணமுடை, இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பரீட்சையும் பக்கத்தில் வந்திருக்கும்.

ஊக்கம் வரட்டும், அப்புறம் படிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கஷ்ட காலத்தில் அது வராது. எனக்கு வரவில்லை. ஆனாலும் படித்தேன், பட்டமும் வாங்கினேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைத்திருப்பார்கள். போக, வர, முடிந்ததும் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க என்று பாதி நாள் போய்விடும். அக்கா வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும். அம்மாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. அதனால் நான்தான் கூடப் போவேன்.

தடிமனான பாடநூல் அங்கே வேலைக்கு ஆகாது. திடீரென்று ரத்த அழுத்தம் இறங்கும், அலாரம் அடிக்கும், அப்பாவுக்குக் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொள்ளும். எழுந்து காலை நீவிவிட வேண்டும். திரும்பி வந்தால் எந்த வரியில் விட்டோம் என்றே தெரியாது. எனவே புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் மட்டும் சட்டைப் பையில். சிஸ்டர் ஊசியைப் பொருத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் தாளை எடுப்பேன். முந்தைய இரவு பார்த்ததை, எதையும் பார்க்காமல் எழுதுவேன். அவ்வளவுதான் என் படிப்பு.

ஒரு நாள் நீராவி மின்நிலையத்தின் ராங்கின் சுழற்சியை வரைந்துகொண்டிருந்தேன். கொதிகலன், டர்பைன், நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டன்சர் மூன்றும் வந்துவிட்டன. கண்டன்சரிலிருந்து தண்ணீர் திரும்பக் கொதிகலனுக்கு எப்படிப் போகிறது என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அப்பா தலையைத் திருப்பி, "என்னடா வரையுற?" என்றார். "பவர் பிளான்ட்பா. ஒரு பாகம் ஞாபகம் வரல" என்றேன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், தன் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தின் ரத்தப் பம்பைக் கண்ணால் காட்டி, "இந்த மாதிரி ஒண்ணு தள்ளிவிடாம எப்படிடா போகும்?" என்றார். பம்ப். அதுதான் விட்டுப்போயிருந்தது. அப்பா அதிகம் படித்தவர் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் படம் எனக்கு மறந்ததே இல்லை.

நான் செய்ததற்கு ஆய்வுகளிலும் ஆதாரம் இருக்கிறது என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். நேரம் கொஞ்சமாக இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. அதேபோல, 'நாளைக்குப் படிப்பேன்' என்று பொதுவாக நினைப்பதைவிட 'இது நடந்ததும் இந்த இடத்தில் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் காட்டியிருக்கிறார். எனக்கு அந்த 'இது', சிஸ்டர் நகர்வது. உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும். தம்பி தூங்கியதும், அம்மாவுக்கு மாத்திரை கொடுத்ததும் என்று தினமும் தவறாமல் நடக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடிகார நேரத்தை நம்பாதீர்கள், நோயாளி இருக்கிற வீட்டில் கடிகாரப்படி எதுவும் நடக்காது.

'உனக்கு உட்கார நான்கு மணி நேரமாவது கிடைத்தது, எனக்கு அதுவும் இல்லை' என்று யாராவது சொல்லலாம். நியாயம்தான். நான் பட்டதுதான் பெரிய கஷ்டம் என்று சொல்ல வரவில்லை. பகுதிநேர வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் என்னைவிட எவ்வளவோ மேல். ஆனால் அவர்களுக்கும் ஒரு தாள் பொருந்தும், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்திலும் எழுதலாம். 'ஒரு தாளில் எழுதினால் முதல் மதிப்பெண் வருமா' என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், வராது. எனக்கும் வரவில்லை. ஒரு பாடத்தில் தவறி அடுத்த பருவத்தில் எழுதித் தேறினேன். படிப்பை விடாமல் இருப்பதுதான் அப்போது என் குறிக்கோள், அதில் எனக்குப் பெருமை உண்டு.

மனசு ஓடாததைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். 2013-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்திருந்தார்கள். அதே ஆட்கள்தான். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் சிந்திக்கும் திறனுக்கான சோதனைகளில் குறைவாகச் செய்தார்கள், பணம் வந்த பிறகு தேறிவிட்டார்கள். கவலையே மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த மூளையிடம் வழக்கம்போல ஆறு மணி நேரப் படிப்பைக் கேட்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன். இப்படிப்பட்ட மாணவனிடம் வந்து நியூட்டன் கதை சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. 1665-ல் பிளேக் பரவியதால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை மூடினார்கள், நியூட்டன் வீட்டுக்குப் போய்ப் பெரிய பெரிய விஷயங்களைக் கண்டுபிடித்தார், நீ ஏன் முடியாது என்கிறாய் என்பார்கள். கதை பொய்யில்லை. ஆனால் அவர் அப்போது பி.ஏ. முடித்துவிட்டார். போன இடம் குடும்பத்தின் பண்ணை வீடு. தனிமையும் முழு நேரமும் அவருக்குக் கிடைத்தன. இரவெல்லாம் விழித்திருந்து நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பிள்ளையிடம் போய் அதைச் சொன்னால், இருக்கிற தெம்பும் போய்விடும். அந்தப் பிள்ளையிடம் 'இன்னிக்கு ராத்திரி நான் பாத்துக்கறேன், நீ தூங்கு' என்று சொல்கிற உறவினர் ஒருவர் போதும். படித்தது நினைவில் தங்கத் தூக்கம் வேண்டும், அதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் சோர்ந்தே கிடக்கிறது, பிடித்த விஷயத்தில்கூட நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அது ஊக்கப் பிரச்சினை இல்லை. மருத்துவரைப் பாருங்கள். அதற்கு நான் சொன்ன வெள்ளைத்தாள் வைத்தியம் ஆகாது.

கடைசியாக வருகைப்பதிவு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் அடிபட்ட இடம் என்பதால் சொல்கிறேன். எனக்கு வருகை குறைந்தபோது, மாணவனுக்கே உடம்பு சரியில்லை என்றால்தான் மருத்துவச் சான்றிதழ் செல்லும், அப்பாவுக்கு என்றால் செல்லாது என்று கல்லூரி அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெற்றவரைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கு அவர்கள் விதியில் இடமே இருக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கொதிக்கிறது. விவரம் தெரிந்த பேராசிரியை ஒருவர் தலையிட்டுத் துறைத்தலைவரிடம் பேசியதால்தான் என்னைத் தேர்வெழுத விட்டார்கள். அவரிடமும் நான் மூன்று மாதம் கழித்துத்தான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன், வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். நீங்கள் இந்த வாரமே உங்கள் வகுப்பாசிரியரைப் பார்த்துச் சொல்லுங்கள். வாயால் சொன்னதோடு நிறுத்தாமல் ஒரு கடிதமாகக் கொடுங்கள், மருத்துவமனைக் காகிதம் ஏதாவது இருந்தால் நகலை இணையுங்கள், பெற்றுக்கொண்டதாகத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.