'கொயர்' என்பது ஆங்கிலச் சொல்லா, நம் சொல்லா?

கேள்வி: கொயர் மெத்தை, கொயர் மேட் என்கிறோமே, அந்தக் 'கொயர்' எங்கிருந்து வந்தது?

நம் பக்கத்துச் சொல்தான். மலையாளத்தில் 'கயர்', தமிழில் 'கயிறு'. போர்ச்சுக்கீசியர் அதைக் 'கைரோ' ஆக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், போகிற வழியில் பொருள் மாறிவிட்டது. நமக்குக் கயிறு என்றால் திரித்து முடித்த பொருள். எதில் திரித்தாலும் கயிறுதான். ஆங்கிலத்தில் கொயர் என்றால் தேங்காய் நார் மட்டும், திரிக்காவிட்டாலும் சரி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த நாருக்குத் தனிப்பெயர் உண்டு: தும்பு. தேங்காய் மட்டைக்குப் பெயர் கதம்பல். கதம்பலைத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு எடுப்பார்கள். அந்த நாற்றம் காற்றுவாக்கில் தெருமுனை வரை வரும். தடியால் அடித்துச் சோறு (நாருக்கு இடையில் இருக்கும் தூள்) உதிர்ந்தபின் மிஞ்சுவது தும்பு. அதை ராட்டில் கொடுத்துத் திரித்தால்தான் கயிறு. ஆக, ஆங்கிலேயர் சொல்லும் கொயர் நம் தும்புதான்!

நாகர்கோவிலில் மெத்தை வாங்கப் போனபோது, விற்பனையாளர் 'ஒரிஜினல் கொயர்' என்று ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். கூட வந்த பாட்டி விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "என்னலே, நம்ம தும்புதானே, இதுக்கா இவ்வளவு விலை?" என்றார்.

தமிழா மலையாளமா என்று சண்டை வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டமே கேரளத்துக்கு முன்னோடியான திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. இரண்டும் ஒரே வேரில் வந்த சொற்கள். போர்ச்சுக்கீசியர் காதில் விழுந்த வடிவம் மட்டும் மலையாளம்.