கொழும்பில் பழைய காரின் கிழிந்த சீற்றை வீட்டிலேயே புதுப்பிக்கலாமா, குஷன் கடையில்தான் கொடுக்கவேண்டுமா?

வீட்டிலேயே செய்யலாம். எங்கள் மொறிஸ் மைனரின் முன்சீற் இரண்டையும் நானும் அம்மாவும்தான் செய்தோம். பிரித்ததும் வெட்டியதும் நான், தைத்தது அம்மா. ஆனால் கிழிந்த ரெக்சினை, அதாவது தோல் போன்ற மேலுறையை, மட்டும் மாற்றினால் காசு வீண். மேலே கிழிவதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். ஸ்பஞ்ச் மாவாக உதிர்ந்திருக்கும், அதன் கீழிருக்கும் சாக்குத் துணி உக்கியிருக்கும், பிறகு ஸ்பிரிங் நேரே உறையில் வந்து உராயும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடல் பக்கமாக நிற்கிற கார் என்றால் சட்டமும் கறள் பிடித்திருக்கும்.

ஆகவே முதலில் சீற்றைக் கழற்றி வெளியே எடுங்கள். உறையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் குறட்டால் வெட்டலாம், ஆனால் உறையைக் கிழிக்கவேண்டாம். அதுதான் உங்கள் அளவு. தையலைப் பிளேட்டால் மெதுவாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இலக்கமும் எது முன்பக்கம் என்ற அம்புக்குறியும் போடுங்கள். பிரிக்கப் பிரிக்கப் போனில் படம் எடுத்தால் பொருத்தும்போது கைகொடுக்கும். பழைய உறை பல வருடம் இழுபட்டுத் தொய்ந்திருக்கும் என்பதால், அதை வைத்து நேரே ரெக்சினை வெட்டாமல், பழைய வீரகேசரித் தாளில் வரைந்து சீற்றின் மேல் வைத்துச் சரிபாருங்கள். தையலுக்குச் சுற்றிவர அரை அங்குலம் கூட விடவேண்டும்.

சட்டத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கறளைத் தடுக்கும் ரெட் ஒக்சைட் பெயின்ற் பூசிக் காயவிடுங்கள். ஸ்பிரிங்குக்கு மேல் புதுச் சாக்குத் துணியை இழுத்துக் கட்டிய பிறகே ஸ்பஞ்ச் வைக்கவேண்டும். இதைத் தவிர்த்தால் ஸ்பிரிங் புது ஸ்பஞ்சையும் அறுத்துவிடும். ஸ்பஞ்சைக் கையால் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். மெத்தென்று அமுங்குவது கடையில் சுகமாகத் தெரியும், காரில் சீக்கிரம் படுத்துவிடும். கெட்டியானதே நல்லது. ஒட்டுவதற்குச் செருப்புக் கம் போதும். ஒட்டவேண்டிய இரண்டு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் அழுத்துங்கள். யன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்த மணம் தலையிடி தரும்.

ரெக்சின் புறக்கோட்டையில் கிடைக்கும். பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வரும், அதனால் வெட்டிய தாள்களை அந்த அகலத்துக்குள் தரையில் பரப்பிப் பார்த்தால் எத்தனை மீற்றர் தேவை என்று தெரிந்துவிடும். துணி அடித்தளம் உள்ள, விரித்து இழுத்தால் கொஞ்சம் நெகிழ்கிற ரெக்சினாகப் பாருங்கள்.

தைப்பதற்கு வீட்டுச் சிங்கர் மெஷினே இரண்டு மடிப்பு ரெக்சினைத் தாங்கும். 16 அல்லது 18 ஆம் நம்பர் ஊசி போடுங்கள். பருத்தி நூல் இந்த ஈரக்காற்றில் உக்கிவிடும், நைலோன் அல்லது பொலியெஸ்டர் நூல்தான் நிற்கும். தையல் 4 மில்லிமீற்றர் அளவில் நீளமாக இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் தபால் முத்திரையின் ஓரம் போலத் துளை விழுந்து, அந்த வரியிலேயே கிழியும். குண்டூசியும் குத்தவேண்டாம், ரெக்சினில் விழுந்த துளை மூடாது. உடுப்புக் கொடியில் போடுகிற கிளிப்பால் பிடியுங்கள். பைப்பிங், அதாவது தையல் ஓரத்தில் வரும் உருண்டை விளிம்பு, வைக்கிற இடத்தில் நான்கு மடிப்பு சேரும், அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மெஷின் ஒத்துவராவிட்டால் வெட்டிய துண்டுகளைக் குஷன் கடையில் கொடுத்துத் தையலை மட்டும் செய்விக்கலாம்.

உறையைப் போடுமுன் நல்ல வெயிலில் அரை மணித்தியாலம் விரித்துவையுங்கள். இளகி, சுருக்கமில்லாமல் இழுபடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிர்ப் பக்கமாக மாறிமாறி இழுத்துப் புது வளையங்களைப் போடுங்கள்.

பக்கவாட்டில் எயார்பேக் உள்ள புதிய கார்ச் சீற்றில் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய காரிலும் சீற்றைத் திரும்பப் பூட்டும்போது போல்ட் இறுகியிருக்கிறதா, முன்பின் நகர்த்தும் பூட்டு சரியாக விழுகிறதா என்று ஆள் உட்கார்ந்து பார்த்த பிறகே காரை வீதியில் இறக்குங்கள்.