வாசகர் கேள்வி–பதில்: இமயமலை ஆற்றங்கரை விடுதிகளில் ஃப்ளை ஃபிஷிங்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர். ஏரியிலும் அணையிலும் ஸ்பின்னிங் ராடு பிடித்துப் பழக்கம் உண்டு. ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி போலக் கட்டிய பொய் இரையை, லைனின் கனத்தால் வீசிப் பிடிப்பது) புதிது. மே மாதம் இமாசலத்திலோ உத்தராகண்டிலோ ஆற்றங்கரை விடுதி ஒன்றில் ஒரு வாரம் தங்க நினைக்கிறோம். எங்கே போகலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலானவர்கள் விடுதியைப் பிடித்துப்போய், அறை காலியாக இருக்கும் தேதிக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். போய் இறங்கினால் ஆறு கலங்கி ஓடும், நான்கு நாளும் வராந்தாவிலேயே கழியும். எந்த மீன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த மீனுக்கு ஏற்ற தண்ணீர் எந்த வாரத்தில் இருக்கும் என்று அடுத்ததாகப் பாருங்கள். விடுதியெல்லாம் அதற்கப்புறம்தான்.

ட்ரவுட் (குளிர்ந்த மலையாற்று மீன்) என்றால் இமாசலத்தில் குலு மாவட்டத்தின் தீர்த்தன் ஆறு. பஞ்சாருக்கு மேலே, குஷைனியை ஒட்டிய பகுதியில் கரையோர விடுதிகள் இருக்கின்றன. இருப்பது பெரும்பாலும் பிரௌன் ட்ரவுட்; ரெயின்போவும் உண்டு. முட்டையிடும் காலம் என்பதால் இமாசலத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும்வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. மார்ச்சில் தண்ணீர் குறைவாகவும் தெளிவாகவும், கை விறைக்கும் குளிரிலும் இருக்கும். மீன் அடியில்தான் கிடக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மேலே பனி உருகத் தொடங்கிவிடும். பகல் வெயிலில் உருகிய தண்ணீர் பிற்பகலில்தான் பள்ளத்தாக்குக்கு வந்து சேரும். ஆகவே மே மாதத்தில் காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணிவரை தெளிவாக ஓடும் அதே ஆறு, மூன்று மணிக்குப் பெருகிக் கலங்கி நிற்கும். மே மாதத்தில்தான் விடுமுறை என்றால் முதல் வாரமே போங்கள். விடியலில் ஆற்றில் நின்று, மதியத்துக்குள் கரையேறிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபரும் கிடைக்குமானால் அதுவே முதல் தேர்வு. மழை ஓய்ந்து தண்ணீர் நிலைப்பட்டிருக்கும், முட்டையிடும் காலத்துக்கு முன்பு பிரௌன் ட்ரவுட்டும் நன்றாக இரை எடுக்கும்.

மஹ்சீர் (பெரிதாக வளரும் கெண்டை இன ஆற்று மீன்) என்றால் உத்தராகண்டில் ராம்நகரிலிருந்து மேலே மார்ச்சுலா பக்கத்து ராம்கங்கை. மார்ச் முதல் மே வரையிலும், மழைக்குப் பிறகு அக்டோபர், நவம்பரிலும் பருவம். மே மாதத்தில் தண்ணீர் வற்றிக் கண்ணாடியாக இருப்பதால் மீனுக்குக் கரையில் நிற்கும் ஆள் தெரிந்துவிடும். விடியலும் அந்தியும்தான் உங்கள் நேரம். ஃப்ளையில் மஹ்சீர் எளிதில் வராது. நான்கு நாள் முயன்றும் ஒன்றும் மாட்டாமல் திரும்புவது சாதாரணம். புதியவர்கள் நால்வருக்கும் ட்ரவுட்தான் எங்கள் சிபாரிசு.

ஒரே வாரத்தில் இரண்டையும் வைக்காதீர்கள். இரண்டுக்கும் ராடு வேறு, லைன் வேறு. நடுவில் மலைச்சாலைப் பயணத்திலேயே இரண்டு நாள் போய்விடும். ஆறு இரவு தங்கினால் நான்கு நாள் மீன்பிடிப்பு என்று கணக்கு வையுங்கள். ஒரு நாள் மழை தின்றுவிடும். டெல்லியிலிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறி ஔட் சுரங்கம் அருகே இறங்கினால், அங்கிருந்து பஞ்சாருக்கு ஜீப் கிடைக்கும். புந்தர் விமான நிலையத்துக்கு வருவது சிறிய விமானம். எடை வரம்பு கண்டிப்பானது, வானிலை கெட்டால் ரத்தாகிவிடும். திரும்பும் நாளில் புந்தரிலிருந்து டெல்லி வந்து அன்றே சென்னை விமானம் ஏறலாம் என்று திட்டம் போடவே கூடாது.

கேள்வி: விடுதிக்காரரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்பது?
– வாசகர், மதுரை

பதில்: உங்களுடன் ஆற்றுக்கு வரும் ஆள் ஃப்ளை ராடில் மீன் பிடிப்பவரா, ஸ்பின்னர் (சுழலும் உலோகத் தகட்டு இரை) மட்டும் போடுபவரா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ‘ஆங்லிங் வசதி உண்டு’ என்று போடும் விடுதிகள் பலவற்றில் வழிகாட்டிக்கு ஸ்பின்னரும் ஆட்டா உருண்டையும்தான் தெரியும். மீன் இருக்கும் மடுவை அவர் காட்டுவார். ஃப்ளை எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது உங்கள் பாடு.

அடுத்தது அனுமதி. மீன்வளத்துறை உரிமத்தை விடுதி வாங்கித் தருகிறதா, எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை அது செல்லும், உங்கள் பெயரில் தாள் கையில் வருமா? ராம்கங்கையில் இதை இன்னும் கறாராகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அதே ஆறு கீழே கார்பெட் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் போட்டால் அது வனக்குற்றம். ‘எல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்ற பதிலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

அந்தக் கரையில் ஒரே நாளில் எத்தனை ராடு இறங்கும் என்றும் கேளுங்கள். சிற்றாற்றில் ஒருவர் நடந்து போன மடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மீன் அசையாது. நான்கு பேருக்கு குறைந்தது இரண்டு வழிகாட்டிகள் தேவை. ஆறு கலங்கினால் தேதியை மாற்றித் தருவார்களா, சாலையிலிருந்து விடுதிக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அவசரத்துக்கு வண்டி நிற்குமா, செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கும்: இவற்றுக்கான பதில்களை வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமும் கொண்டுபோங்கள்.

கேள்வி: தீர்த்தனுக்கு என்னென்ன சாமான் வாங்க வேண்டும்? கடையில் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.
– வாசகி, சென்னை

பதில்: நான்கு துண்டாகக் கழலும் 9 அடி ராடு, 5 எண் (ராடு ஏற்கும் லைனின் கனத்தைச் சொல்லும் எண்). துண்டு ஒன்று சுமார் 70 செ.மீ. வருவதால் பெரிய சூட்கேஸில் அடங்கிவிடும். விமானத்தில் ராடு, தூண்டில் முள், கத்திரி எல்லாமே செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். ராடின் எண்ணும் லைனின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். 5 எண் ராடில் 7 எண் லைன் போட்டால் ராடு தொய்ந்துவிடும். 3 எண் போட்டால் ராடு வளையவே வளையாது. மிதக்கும் லைன் ஒன்று போதும். லைன் நுனியில் கட்டும் மெல்லிய நூலான லீடர் 9 அடியில், 4எக்ஸ் நான்கு; லீடர் நுனியில் ஃப்ளையைக் கட்டும் டிப்பெட் நூல் 4எக்ஸ், 5எக்ஸ் ஒவ்வொரு சுருள் (எக்ஸ் எண் கூடினால் நூல் மெல்லியது).

ஃப்ளைகள் முப்பது போதும். ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் நிம்ஃப்கள் (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சி போன்றவை) 12, 14, 16 அளவுகளில் பதினாறு; எண் கூடினால் முள் சிறியது. அதில் பாதி தலையில் உலோக மணி வைத்தவை. எல்க் ஹேர் கேடிஸ், பாராசூட் ஆடம்ஸ் போன்ற, நீர்மேல் மிதப்பவை 14, 16 அளவில் பத்து. நீருக்கடியில் இழுத்து வரும் கருப்பு, ஆலிவ் வூலி பக்கர் 8 அளவில் நான்கு. எல்லாவற்றையும் வீட்டிலேயே குறடால் அழுத்தி, முள்முனைக்குப் பின்னே எதிர்ப்பக்கம் நிற்கும் சிறு கூர்முனையை மடக்கிவிடுங்கள். மீனுக்குக் காயம் குறையும், உங்கள் காதில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வரும்.

பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமா, ரீலில் பிடியுங்கள். தீர்த்தன் ட்ரவுட்டுக்கு ரீல் லைனைச் சுற்றி வைக்கும் பெட்டி, அவ்வளவுதான். மிச்சமானதை போலராய்டு கண்ணாடியிலும் காலணியிலும் போடுங்கள். கண்ணாடி இல்லாவிட்டால் நீர்ப்பரப்பின் பளபளப்பில் மீனும் தெரியாது, கால் வைக்கும் கல்லும் தெரியாது.

ஒன்று சொல்லியாக வேண்டும்: அங்கே தூர வீச்சு தேவையில்லை. தீர்த்தன் பாறைகளுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக விழுந்து ஓடும் ஆறு. கீழேயிருந்து மேல்நோக்கி நடந்து, 6 முதல் 9 மீட்டர் தூரத்தில், பாறையின் பின்னால் தண்ணீர் தணியும் இடத்தில் ஃப்ளையை இறக்கி, ராடு நுனியை உயர்த்திப் பிடித்தால் நடுவிலுள்ள வேகநீரில் லைன் படாது. லைன் அதில் பட்டதும் ஃப்ளை இழுபட்டுக் கோடு போட்டுக்கொண்டு ஓடும். தானாக மிதந்து வரும் பூச்சி அப்படி ஓடாது என்பது ட்ரவுட்டுக்குத் தெரியும். நிம்ஃப் போடும்போது மிதவைக்கும் ஃப்ளைக்கும் இடையே ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நூல் விடுங்கள். அரை மணி நேரமாக ஒருமுறைகூட அடிக்கல்லைத் தட்டவில்லை என்றால் உங்கள் ஃப்ளை மீனின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. ஃப்ளையை மாற்றாதீர்கள், ஆழத்தைக் கூட்டுங்கள்.

கேள்வி: ராம்கங்கையில் மஹ்சீர் இரண்டு முறை ஃப்ளையை அடித்தும் முள்ளில் நிற்கவில்லை. ஒருமுறை முள் நிமிர்ந்து வந்தது. ராடு 8 எண்.
– வாசகர், பெங்களூரு

பதில்: ராடு சரி. முள் நிமிர்ந்தது என்றால் மெல்லிய கம்பி முள்ளில் கட்டிய ட்ரவுட் ஃப்ளையைப் போட்டிருப்பீர்கள். மஹ்சீருக்குப் பல் தொண்டையில். நத்தை, நண்டை நொறுக்கும் அளவுக்கு அங்கே அழுத்தம் உண்டு. கடல் மீனுக்கான கனமான கம்பி முள்ளில், 2 அல்லது 4 அளவில் கட்டிய கிளவுசர், சோங்கர் போன்ற சிறுமீன் வடிவ ஃப்ளைகளைப் போடுங்கள்.

அடித்தும் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பழக்கம். ட்ரவுட் பழக்கத்தில் ராடை மேலே தூக்கியிருப்பீர்கள். அப்போது ராடு வளைந்து விசையைத் தின்றுவிடும், தடித்த உதட்டில் முள் இறங்காது. ராடு நுனியைத் தண்ணீருக்கு அருகே, லைனுக்கு நேராக வைத்துக்கொண்டு இடக்கையால் லைனை இழுத்து வாருங்கள். அடி விழுந்ததும் அதே இடக்கையால் நீளமாக, உறுதியாக ஓர் இழுப்பு. கனம் தெரிந்த பிறகே ராடை உயர்த்துங்கள்.

அடுத்த நொடி மீன் ஓடும். காலடியில் கிடக்கும் தளர்ந்த லைனில் கட்டைவிரலோ கைக்கடிகாரமோ சிக்கினால் 16 பவுண்டு டிப்பெட்டும் அறுந்துவிடும். இடக்கை விரல்களை வளையம் போல வைத்து லைனை வழுக்கவிட்டு, ரீலுக்குப் போய்ச் சேரும்வரை வேறு எதையும் செய்யாதீர்கள். ரீலில் 150 மீட்டராவது பேக்கிங் (லைனுக்குப் பின்னால் சுற்றி வைக்கும் கூடுதல் நூல்) இருக்கட்டும். மீன் பாறை மறைவை நோக்கிப் போனால் நின்ற இடத்திலிருந்தே இழுத்துப் போராடாமல் கரையோடு நடந்து அதன் எதிர்ப்பக்கம் போங்கள்.

மாட்டிய மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். இமயமலையின் பொன் மஹ்சீர் அழிவின் விளிம்பை நெருங்கும் இனம். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாக வாலை அடிக்கும்வரை காத்திருந்து விடுங்கள். படத்துக்காகக் கல்லில் கிடத்தாதீர்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. ஆற்றில் இறங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். தீர்த்தனில் அதற்கு மேல் இறங்கத் தேவையும் அதிகம் வராது. பாசி படிந்த உருண்டைக் கல்லில் ஸ்போர்ட்ஸ் ஷூ வழுக்கும். உலோகக் குமிழ் பதித்த ரப்பர் அடிக் காலணி வாங்குங்கள், கையில் ஒரு தடி வைத்துக்கொள்ளுங்கள். வேடர் (காலிலிருந்து மேலே மூடும் நீர்புகா உடை) அணிந்தால் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுவது கட்டாயம். விழுந்துவிட்டால் உள்ளே தண்ணீர் புகுவதை அதுதான் தடுக்கும்.

அணைக்குக் கீழே உள்ள ஆறு வேறு விஷயம். 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டபோது, தலோட் அருகே பியாஸ் ஆற்றில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். தீர்த்தன் லார்ஜியில்தான் பியாஸோடு சேர்கிறது. அந்தச் சங்கமத்துக்குக் கீழே எவ்வளவு அழகான மடு தெரிந்தாலும் இறங்காதீர்கள். சங்கமத்துக்கு மேலேயும், கரையோரக் கல் ஒன்றை அடையாளம் வைத்து அடிக்கடி பாருங்கள். கல் நனைந்தாலோ, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினாலோ, தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் உடனே கரையேறுங்கள்.

கேள்வி: இவ்வளவு தூரம் ஏன்? நம் காவிரியிலும் நீலகிரியிலும் முடியாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: காவிரியின் திமில் மஹ்சீர் உலகிலேயே மிக அருகிப்போன பெரிய நன்னீர் மீன்களில் ஒன்று. அதற்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். கர்நாடகப் பகுதியில் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்களி முகாம்களில் நடந்த மீன்பிடிப்பு, அவை காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் வருவதால் பத்தாண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. நீலகிரியில் எச்.சி. வில்சன் முயற்சியால் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெயின்போ ட்ரவுட் விடப்பட்டது, அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணையும் வந்தது. ஆனால் அந்த நீர்நிலைகளில் பல இன்று முக்குருத்தி தேசியப் பூங்காவிலும் காப்புக் காடுகளிலும் இருக்கின்றன. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ராடை எடுத்துக்கொண்டு ஊட்டி ஏறாதீர்கள்.

உள்ளூரில் செய்ய வேண்டியது பயிற்சி. பள்ளி மைதானம் போதும். முள்ளுக்குப் பதிலாக லீடர் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, 9 மீட்டர் தூரத்தில் ஒரு தட்டு வைத்து, தினமும் இருபது நிமிடம் வீசுங்கள். லைன் பின்னால் முழுதாக நீண்ட பிறகே முன்னால் தள்ள வேண்டும். சாட்டை போல ‘பட்’டென்று சத்தம் கேட்டால் அவசரப்படுகிறீர்கள், ஆற்றில் அந்தச் சத்தத்தோடு ஃப்ளையும் போய்விடும். ஏரிக்கரை கிடைத்தால் ரோல் காஸ்ட்டையும் (லைனைப் பின்னால் நீட்டாமல், தண்ணீரிலிருந்தே முன்னால் உருட்டி வீசுவது) பழகுங்கள். அதற்குத் தண்ணீரின் பிடிப்பு வேண்டும், மைதானத்தில் வராது. தீர்த்தன் கரையில் முதுகுக்குப் பின்னால் மரமும் பாறையும் நெருங்கி நிற்பதால், பாதி நேரம் அந்த வீச்சைத்தான் போடப் போகிறீர்கள்.