கடற்பாசிக் கரி மருந்துக் கழிவை நீக்குமா?

கேள்வி: கட்டக்கோரை போன்ற கடற்பாசிகளைக் கரியாக்கி, தண்ணீரில் கலந்த மருந்துக் கழிவுகளை நீக்கலாம் என்று படித்தேன். சுத்திகரிப்பு நிலையங்களே நீக்காததைக் கரி எப்படி நீக்கும்? எல்லா மருந்துகளுக்கும் இது பொருந்துமா?
- வாசகி, இராமநாதபுரம்

பதில்: வழக்கமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நுண்ணுயிரிகள் தின்று செரிக்கக்கூடிய கழிவுகளுக்காக அமைக்கப்பட்டது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபின் போன்ற மருந்துகளை அவற்றால் எளிதில் சிதைக்க முடிவதில்லை. பெரும்பகுதி வந்தபடியே வெளியேறிவிடுகிறது. கரியோ எதையும் சிதைப்பதில்லை. தன் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்கிறது. பள்ளிப் பாடநூல்கள் பரப்பு கவர்தல் என்று சொல்வது இதைத்தான்.

உலர்ந்த பாசியை, ஆக்சிஜன் மிகக் குறைந்த மூடிய கலனில் ஏறத்தாழ 300 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் உயிர்க்கரி, அதாவது பயோசார், கிடைக்கிறது. வெப்பம் கூடக்கூட அதில் கார்பன் வளையங்கள் தட்டையான தகடுகளாக இணைகின்றன. பல மருந்து மூலக்கூறுகளிலும் அத்தகைய வளையங்கள் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. மின்னூட்டமும் முக்கியமானது. வலி நிவாரணியான டைக்ளோஃபெனாக் நடுநிலையான நீரில் எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கும். கரியின் மேற்பரப்பு மின்னூட்டமோ நீரின் காரகாடித்தன்மைக்கு (pH) ஏற்ப மாறும். ஆகவே அதே கரி ஒரு நீரில் அதை ஈர்க்கலாம், மற்றொன்றில் விலக்கலாம். மின்னூட்டமற்ற கார்பமசெபினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே நுண்துளைகளும் வளையங்களுமே வேலை செய்கின்றன. எனவே எல்லா மருந்துகளுக்கும் ஒரே கரி என்று எவரேனும் சொன்னால், எந்த மருந்துக்கு, எந்த நீரில் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

பாசிக்கென்று ஒரு குறையும் உண்டு. மரத்தைவிடப் பாசியில் உப்பும் தாதுக்களும் மிக அதிகம் என்பதால், அதன் கரியில் சாம்பல் மிகுந்து, துளைகள் குறைந்திருக்கும். அமிலத்தால் கழுவியோ, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மீண்டும் சுட்டோதான் துளைகளைப் பெருக்குகிறார்கள். இந்தக் கூடுதல் செலவைச் சொல்லாமல் 'மலிவான கரி' என்று எழுதுவது பாதி உண்மையே.

கேள்வி: ஆய்வகத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீக்கியதாகச் சொல்கிறார்களே?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த எண்களை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். பெரும்பாலான சோதனைகளில் ஒரு லிட்டர் தூய நீரில் மில்லிகிராம் கணக்கில் ஒரே ஒரு மருந்தைக் கரைக்கிறார்கள். நகரக் கழிவுநீரிலோ மருந்துகள் மைக்ரோகிராம், நானோகிராம் அளவில்தான் இருக்கும். அவற்றைவிடப் பல மடங்கு மிகுந்த பிற கரிமப் பொருட்கள் கரியின் துளைகளை முதலில் அடைத்துவிடும்.

இதற்கு மாறான இடமும் உண்டு. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்தின் வெளியேற்றத்தில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து இருந்ததாக 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. கழிவு இப்படிச் செறிந்து வெளிவரும் ஆலை, மருத்துவமனை ஆகியவற்றின் வாசலில்தான் இத்தகைய கரியை முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. நகரக் கழிவுநீருக்கு, சுவிட்சர்லாந்து 2016 முதல் தேர்ந்தெடுத்த நிலையங்களில் ஓசோனையோ தூளாக்கிய செறிவூட்டிய கரியையோ (ஆக்டிவேட்டட் கார்பன்) சேர்த்து வருகிறது. பாசிக் கரி போட்டியிட வேண்டியது இவற்றோடுதான்.

கேள்வி: கரையொதுங்கும் பாசியைச் சுட்டு வீட்டுக் குடிநீரை வடிகட்டலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: கூடாது. கழுவாத கரியிலிருந்து உப்பு கரைந்து வரும். பழுப்புப் பாசிகள் ஆர்சனிக்கைச் சேர்த்து வைப்பவை. கரீபியன் கரைகளில் 2011 முதல் குவிந்துவரும் சர்காசம் பாசியில் இது பெருங்கவலையாக உள்ளது. நம் கட்டக்கோரையும் சர்காசம் இனமே. மேலும், பயன்படுத்திய கரியில் மருந்து அப்படியே தங்கியிருப்பதால் அதைத் தோட்டத்து மண்ணில் கொட்டவும் கூடாது; உயர்வெப்பத்தில் எரிக்க வேண்டும், அல்லது ஆலையில் மீண்டும் சூடாக்கிப் புதுப்பிக்க வேண்டும்.