சிங்கப்பூர் ராத்திரி: புதுசா வர்ற தம்பிக்கு

தம்பி, அடுத்த மாசம் எஸ் பாஸ்ல (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) சிங்கப்பூர் வர்றீங்க. சனி, ஞாயிறு ராத்திரி எங்க போகலாம், எங்க சாப்பிடலாம், எங்க சாமான் மலிவுன்னு கேட்டிருக்கீங்க. கடைசில "தமிழ்ப் பாட்டு கிளப்புக்குப் போக எவ்வளவு எடுத்து வைக்கணும்"னு ஒரு வரி. மத்ததெல்லாம் நீங்களே பத்து நாள்ல கத்துக்குவீங்க. அந்த ஒரு வரிக்குத்தான் நான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்க சொல்ற கிளப்ல லைவ் பேண்ட் இருக்கும், மேடையில பொண்ணுங்க பாடுவாங்க, ஆடுவாங்க. உள்ள போக ஆகுற செலவு பெருசில்ல. பணம் போறது பூமாலையில. பிடிச்ச பாட்டு வந்தா மேடையில இருக்கிறவங்களுக்கு மாலை போடச் சொல்லுவாங்க. ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மாலையும் உண்டு, ஆயிரக்கணக்குல போறதும் உண்டு. போட்டவர் பேரையும் ஊரையும் மைக்ல சொல்லுவாங்க. ஆறு நாள் வெயில்ல நின்னு, சூப்பர்வைசர்கிட்ட பேச்சு வாங்கின ஆளுக்கு, தன் ஊர்ப் பேரை ஒருத்தர் மரியாதையா மைக்ல சொன்னா மனசு எப்படி இருக்கும்? அங்கதான் பிடிக்கிறாங்க. பக்கத்து மேசைக்காரர் ஒரு மாலை போட்டா நீங்க ரெண்டு போடணும்னு கை துடிக்கும்.

நான் 2006ல ஒர்க் பெர்மிட்ல கப்பல் பட்டறை வேலைக்கு வந்தேன். மேற்குக் கோடியில துவாஸ் பக்கம் தொழிலாளர் தங்குற டார்மிட்டரி. எங்க ரூம்ல மன்னார்குடிப் பக்கத்து அண்ணன் ஒருத்தர் இருந்தார், பைப் ஃபிட்டர், தங்கமான கைத்தொழில்காரர். ஏஜெண்டுக்குக் கட்டின பணத்துக்கே ஊர்ல நிலம் அடமானத்துல கிடந்தது. சம்பளம் வந்த அடுத்த சனிக்கிழமை குளிச்சு, சட்டையை இஸ்திரி போட்டுக் கிளம்பிடுவார். தங்கச்சி கல்யாணத்துக்கு வெச்சிருந்தது மாலையாப் போச்சு. அப்புறம் கூட வேலை பார்த்தவங்ககிட்ட கடன், அதுக்கப்புறம் லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடுறவங்ககிட்ட கடன். அவங்க கம்பெனிக்கே போன் போட ஆரம்பிச்சதும் பெர்மிட்டை ரத்து பண்ணி அனுப்பிட்டாங்க. சாங்கி ஏர்போர்ட்டுக்குப் போற லாரியில அவர் ஏறினப்போ வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு சாக்லேட் டப்பா கூட இல்ல, நாங்கதான் வாங்கிக் கொடுத்தோம். அந்த மாதிரி இடம் இன்னும் ஊருக்குள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கு. உங்களை அங்க கூட்டிட்டுப் போறது சீனரோ வெள்ளைக்காரரோ இல்ல, "வா தம்பி, நம்ம ஊர் பாட்டுதான்"னு சொல்ற நம்ம ஆளுதான். அதனாலதான் எனக்கு இத்தனை கோபம்.

கேசினோவும் அதே கதை. 2010ல ரெண்டு கேசினோவும் திறந்தாங்க, ஒண்ணு செந்தோசாவுல, ஒண்ணு மரினா பேல. சிங்கப்பூர் குடிமகனோ பிஆரோ (நிரந்தரவாசி) உள்ள போகணும்னா ஒரு நாளைக்கு 150 வெள்ளி நுழைவு வரி கட்டணும். நீங்க பாஸ்ல இருக்கிற வெளிநாட்டுக்காரர், பாஸ்போர்ட்டைக் காட்டினா இலவசம். தன் சொந்த ஜனம் உள்ள போகக்கூடாதுன்னு ஒரு அரசாங்கம் காசு வாங்கித் தடுக்குதுன்னா அது எப்படிப்பட்ட இடம்னு புரிஞ்சுக்கணும். இலவசம்னு பெருமையா உள்ள போய்ப் படம் எடுத்துப் போடுற பசங்களைப் பார்க்கிறேன். வேண்டாம் தம்பி. கை நிக்கலேன்னு தோணினா, உள்ள விடாதீங்கன்னு தன் பேரைத் தானே எழுதிக் கொடுக்க இங்க வழி இருக்கு, பாஸ்ல இருக்கிறவங்களுக்கும் உண்டு. அது அவமானம் இல்ல.

குடிக்கிறது உங்க இஷ்டம். ஆனா சட்டம் தெரிஞ்சுக்கிட்டுக் குடிங்க. ராத்திரி பத்தரையிலிருந்து காலை ஏழு வரைக்கும் பொது இடத்துல குடிக்கக் கூடாது, கடையில பாட்டில் வாங்கிட்டும் போக முடியாது. 2015 ஏப்ரல்ல வந்த சட்டம் இது. முதல் தடவையே ஆயிரம் வெள்ளி வரைக்கும் அபராதம். லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்க சனிக்கிழமை காலை ஏழிலிருந்து திங்கள் காலை ஏழு வரைக்கும் வெளியில குடிக்கவே கூடாது. லைசென்ஸ் இருக்கிற கடைக்குள்ள உட்கார்ந்து குடிக்கலாம்.

அந்தச் சட்டத்துக்கு முன்னாடி தேக்கா, அதான் லிட்டில் இந்தியா, வேற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துத் திடல்ல ஊர் ஊரா உட்கார்ந்திருப்போம். பட்டுக்கோட்டைக்காரங்க ஒரு பக்கம், அறந்தாங்கி ஒரு பக்கம், வங்காளப் பசங்க அடுத்த பக்கம். போன் கார்டு வாங்கி ஊருக்குப் பேசுறதும், யாருக்குப் பெர்மிட் புதுப்பிச்சாங்க, யாரை அனுப்பினாங்கன்னு சேதி சொல்றதும் அங்கதான். நான் வந்த புதுசுல மேற்கே ரயில் பூன் லேயோட நின்னுடும், அங்கிருந்து பஸ் பிடிக்கணும். அதனால பலரும் டார்மிட்டரிக்குப் போற தனியார் பஸ்ல ரெண்டு வெள்ளி கொடுத்துத்தான் திரும்புவோம். 2013 டிசம்பர் 8ஆம் தேதி, அப்படி ஒரு பஸ்ல நம்ம தமிழ்நாட்டுத் தொழிலாளி அடிபட்டு இறந்து, கலவரமாச்சு. மறு வாரத்திலிருந்து எல்லாமே மாறிடுச்சு. போலீஸ், கேமரா, மதுக்கட்டுப்பாடு. ஒரு ராத்திரி நடந்ததுக்காக நம்ம எல்லாரையும் ஒரே கண்ணால பார்த்த வருஷங்கள் அது. ரொம்ப நாளா இங்க இருக்கிற நம்மவங்களே சிலர், கழுத்துல அடையாள அட்டையோட வர்ற பசங்களைப் பார்த்து விலகி நடந்தாங்க. பிஆர் கிடைச்ச கையோட தேக்கா பக்கம் வர்றதையே விட்டவங்களும் எனக்குத் தெரியும். அவங்களை நான் இன்னும் மன்னிக்கல.

சரி, சாப்பாடு. இதுல மட்டும் எனக்குச் சந்தோஷமா நிறையச் சொல்ல இருக்கு. வந்த புதுசுல நானும் கேட்டரிங் சோறு, ஞாயிறு ஆனா தேக்காவுல வாழையிலைச் சாப்பாடுன்னு இருந்தவன்தான். கூட வேலை பார்த்த சீன வெல்டர் ஒருத்தர் ஒரு நாள் கையைப் பிடிச்சு உணவங்காடிக்கு (ஒரே கூரைக்குக் கீழ நிறையச் சாப்பாட்டுக் கடை இருக்கிற இடம்) இழுத்துட்டுப் போய் சிக்கன் ரைஸ் வாங்கிக் கொடுத்தார். வெள்ளையா வெந்த கோழி, கோழிக் கொதிநீர்லயே வெந்த சோறு, இஞ்சியும் மிளகாயும் அரைச்ச சட்னி. அன்னியிலிருந்துதான் இந்த ஊர் எனக்குத் திறந்துச்சு. தேங்காய்ப்பால் குழம்புல நூடுல்ஸ் போட்ட லக்சா, குச்சியில குத்திச் சுட்ட இறைச்சியான சாத்தே, முள்ளங்கியை அரிசி மாவோட வேகவெச்சு முட்டையோட வறுக்கிற கேரட் கேக், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், எல்லாம் சாப்பிடுங்க. மீ கோரேங்னு சொல்ற வறுத்த நூடுல்ஸ் நம்ம தமிழ் முஸ்லிம் கடைக்காரங்க கையில ருசி ஏறினது, விடாதீங்க. சுல்தான் மசூதிக்கு எதிர்ல நார்த் பிரிட்ஜ் ரோட்டுல, கறி வெச்சு மடிச்ச பரோட்டா மாதிரியான முர்தபா. லாவ் பா சாட் உணவங்காடியில சாயங்காலம் ஏழுக்கு மேல பூன் டாட் தெருவையே அடைச்சு சாத்தே சுடுவாங்க. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை உணவங்காடியில, சம்பல் (மிளகாய் விழுது) தடவி வாழையிலையில சுட்ட திருக்கை மீன். இத்தனை வருஷம் இருந்தும் தேக்கா சிராங்கூன் ரோட்டைத் தாண்டிச் சாப்பிடாத நம்மவங்களைப் பார்த்தா எனக்கு ஆத்திரமா வரும். வாரம் ஒரு நாள் இட்லி வேணும்தான், நானும் போறேன். ஏழு நாளும் அதுவேன்னா எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?

பன்றி, மாடு வேண்டாம்னா கேட்டுட்டு வாங்குங்க. சார் குவே தியோல (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) பன்றிக் கொழுப்பு சேர்க்கிறது வழக்கம். சைவம்னா சீன சைவக் கடையில பீ ஹூன் (அரிசிச் சேமியா) கிடைக்கும். மேசையில டிஷ்யூ பொட்டலம் கிடந்தா அது யாரோ பிடிச்ச இடம், உட்காராதீங்க. சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்கணும், 2021லிருந்து கட்டாயம். ஹலால் தட்டுக்குத் தனி அலமாரி, பார்த்து வைங்க. டீக்கடையில "தே ஓ கோசோங்"னா பால் இல்லாம, சீனி இல்லாம. அதை முதல் வாரத்துலயே தைரியமா சொல்லிப் பழகுங்க, கடைக்காரர் முகத்துல ஒரு மாற்றம் வரும் பாருங்க.

உணவங்காடியில போட்டிருக்கிறதுதான் விலை. குளுகுளு ரெஸ்டாரண்ட்ல விலைப்பட்டியல்ல ரெண்டு கூட்டல் குறி இருந்தா, பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதுக்கு மேல ஒன்பது சதவீதம் ஜிஎஸ்டி. நூறு வெள்ளின்னு நினைச்சுச் சாப்பிட்டா கிட்டத்தட்ட நூத்தி இருபது கட்டுவீங்க. கிளார்க் கீ, போட் கீ பார்கள்லயும் இதுதான் கணக்கு. ஆத்தோரமா நடந்து விளக்கைப் பார்க்கக் காசே வேண்டாம். கார்டன்ஸ் பை த பே பூங்காவுல ராத்திரி ஏழே முக்காலுக்கும் எட்டே முக்காலுக்கும் உயரமான செயற்கை மரங்கள்ல ஒளியும் பாட்டும், இலவசம். புல்லுல படுத்துக்கிட்டுப் பாருங்க. ஊர்ல இருந்து யார் வந்தாலும் நான் முதல்ல கூட்டிட்டுப் போறது அங்கதான். கடைசி ரயில் நடுராத்திரி வாக்குல. அதை விட்டா டாக்சி மீட்டர் கட்டணத்துல பாதியைக் கூடுதலா வைப்பாங்க, காலை ஆறு வரைக்கும்.

சாமான் வாங்கறது பத்தி எனக்குப் பெருசா அக்கறை இல்ல. தேக்காவுல இருக்கிற முஸ்தபா பெரிய கடையில எல்லாம் இருக்கு. டூரிஸ்டுக்குத் திருப்பித் தர்ற ஜிஎஸ்டி பாஸ்ல இருக்கிறவங்களுக்குக் கிடையாது. போன், கேமரா வாங்கினா, காசைக் கையில வாங்கிட்டு அப்புறமா வாரண்டிக்குத் தனிப் பணம் கேக்குற கடைக்காரர்கிட்ட மாட்டாதீங்க. விலை ஒட்டியிருக்கிற பெரிய கடையில வாங்குங்க. வேப் (மின் சிகரெட்) கையில இருந்தாலே குற்றம். ஊர்லயிருந்து கிளம்பும்போது குட்கா, கைனி, மெல்லுற புகையிலை எதுவும் பெட்டியில வெக்காதீங்க, எல்லாம் இங்க தடை. நண்பன் கொடுத்துவிடச் சொன்ன பொட்டலமா இருந்தாலும் பிரிச்சுப் பார்த்துட்டு ஏறுங்க.