மாட்டு டாக்டராக வேண்டும் என்கிற மகள்: ஒன்பதாவதிலேயே நீட் வகுப்புக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் இருக்கிறோம். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். வீட்டில் நான்கு கறவை மாடுகள். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வேலூரில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். இப்போதே நீட் ஃபவுண்டேஷனில் சேர்க்க வேண்டுமாம். அடுத்த ஆண்டு அரசுப் பள்ளிக்கு மாற்றிவிட்டால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் உறுதி என்றும் சொல்கிறார்கள். முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அவர்கள் சொன்ன இரண்டுமே உங்கள் மகளுக்குப் பொருந்தாது.

முதலில் நீட். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். நீட் பார்ப்பது அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்கு மட்டும். பிளஸ் டூவில் விருப்பம் இருந்தால் அதையும் எழுதிப் பார்க்கட்டும். அதற்காக ஒன்பதாவதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையை அடகு வைக்க வேண்டாம். ஒரே படிப்புக்கு இரண்டு வாசல் வைத்துவிட்டு, எது யாருக்கு என்று பள்ளிக்கூடச் சுவரில் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டாத அரசாங்கம் இருக்கும்வரை இந்தக் கன்சல்டன்சிகளுக்குப் பஞ்சம் வராது.

மாநில இடத்துக்கான கட்-ஆஃப் 200க்கு. உயிரியல் மதிப்பெண் முழுதாக 100; இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதியாகச் சேர்ந்து இன்னொரு 100. உயிரியலில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 92 என்றால் 96 + 44 + 46 = 186. உயிரியலில் போகும் ஒரு மதிப்பெண்ணை ஈடுகட்ட இயற்பியலில் இரண்டு எடுக்க வேண்டும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? இயற்பியலுக்கு டியூஷன் தேடி ஓடுகிறோம், உயிரியலை ‘மனப்பாடம்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறோம். அதில் எழுத்துத் தேர்வே தாவரவியல் 35, விலங்கியல் 35 என்று இரண்டு பாதி. மாடு பிடித்த பிள்ளைகள் விலங்கியலை விழுந்து விழுந்து படித்துவிட்டுத் தாவரவியலில் கோட்டை விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதினொன்றாவதில் கணக்கோடு உயிரியல் உள்ள குரூப்பும் சரி, தாவரவியல்-விலங்கியல் உள்ள குரூப்பும் சரி, இரண்டுமே செல்லும். கணக்கு நன்றாக வந்தால் முதலாவதை எடுங்கள். சீட் தவறினாலும் அதே பல்கலைக்கழகத்தின் பால்வள, உணவு பி.டெக். படிப்புகளுக்கு வழி இருக்கும். கணக்கு வராது என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். கால்நடை மருத்துவக் கட்-ஆஃபில் கணக்குக்கு இடமே இல்லை. உயிரியல் இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பை மட்டும் தொடாதீர்கள்.

இப்போது அந்த 7.5. 2021இல் வந்த சட்டம் இது. கால்நடை மருத்துவத்துக்கும் உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி அரசுப் பள்ளி ஆகாது. ஆசிரியருக்கு அரசு சம்பளம், பாடப்புத்தகம் இலவசம், மதிய உணவும் உண்டு, ஆனாலும் ஆகாது. உங்கள் மகள் ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் அங்கே முடித்துவிட்டாள். பத்தாவதில் மாற்றினாலும், நாளைக்கே மாற்றினாலும் அந்த மூன்று வருடம் திரும்பாது. விண்ணப்பத்தோடு ஒவ்வொரு வகுப்புக்கும் எந்தப் பள்ளி என்று சான்று கேட்பார்கள்; அங்கே மாட்டிக்கொள்ளும். வேலூரில் பழைய மிஷன் பள்ளிகள் பல உதவிபெறும் பள்ளிகள்தான். அதில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளை இந்தக் கோடு வெளியே தள்ளுகிறது. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படி. அதை நம்பிப் பள்ளியை மாற்றி, நன்றாகப் படிக்கிற பிள்ளையின் படிப்பைக் குலைக்காதீர்கள்.

இன்னொரு கூட்டமும் பின்னாலேயே வரும். ‘கட்-ஆஃப் கிடைக்காவிட்டால் என்ன, எங்களிடம் வெட்டரினரி டிப்ளமோ இருக்கிறது’ என்பார்கள். ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு முடித்து, கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் டாக்டர். இது 1984ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். வெளிமாநிலக் கல்லூரி என்றால், இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏஜென்ட் காட்டும் வண்ணப் புத்தகத்தைப் பார்க்காதீர்கள்.

இந்த வயதில் அவளுக்கு வேண்டியது வேறு. அடுத்த முறை சினைப் பரிசோதனைக்கு டாக்டர் வரும்போது மாட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோள்வரை கையுறை மாட்டி அவர் உள்ளே கைவிடுவதை, சாணி வழிவதை, மாடு உதைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கோமாரி தடுப்பூசி முகாமுக்கும், லீவு நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்கும் கூட்டிப் போங்கள். அப்புறமும் இதையே சொன்னால் தாராளமாகப் படிக்க வையுங்கள்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், ‘7.5 சதவீதத்தில் சீட் உறுதி’ என்று அவர்கள் லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.