சின்ன ஊரில் சினிமா விழா நடக்குமா?

கேள்வி: எங்கள் ஊரில் சினிமாப் பித்துப் பிடித்தவர்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள், சுயாதீனப் படங்களை மட்டும் திரையிட ஆசை. “சென்னையில் வைத்தால் கூட்டம் வரும், இங்கே யார் வருவார்கள்?” என்றே எல்லோரும் கேட்கிறார்கள். சின்ன ஊரில் தொடங்கி நிலைத்து நின்ற விழா ஏதாவது உண்டா?
(கோவில்பட்டி வாசகர்)

பதில்: உண்டு. அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து மலைகளுக்குள் டெல்லுரைடு என்று ஓர் ஊர். மக்கள்தொகை 3,000-ஐத் தொடாது. உங்கள் ஊரில் ஒரு வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 8,750 அடி உயரம், ஊட்டியைவிட மேலே. மூன்று பக்கமும் மலை அடைத்துக்கொண்டு நிற்கும். போகிற வழியில் எட்டிப் பார்க்கிற ஊர் இல்லை, அங்கேதான் போக வேண்டும் என்று கிளம்பியவர்தான் போய்ச் சேர முடியும். 1974-ல் அங்கே தொடங்கிய திரைப்பட விழா அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. 2020-ல் கொரோனாவால் ஓர் ஆண்டு நின்றது, அவ்வளவுதான்.

வெள்ளிச் சுரங்கத்தால் பிழைத்த ஊர் அது. 1913-ல் கட்டிய ஷெரிடன் ஆப்ரா ஹவுஸ் என்ற அரங்கம் ஒன்று உண்டு. சுமார் 240 பேர் உட்காரலாம். எழுபதுகளில் அது பில் பென்ஸ், ஸ்டெல்லா பென்ஸ் என்ற தம்பதியின் கையில் இருந்தது. அந்த மலைப்பக்கத்து ஊர்களில் கலைப்படத் தியேட்டர்கள் நடத்தியவர்கள் அவர்கள். ராச்செஸ்டரில் ஈஸ்ட்மேன் ஹவுஸ் காப்பகத்தில் பழைய படங்களைப் பாதுகாத்துவந்த ஜேம்ஸ் கார்டு, பெட்டியோடு வந்து மௌனப் படங்களைப் போட்டுக் காட்டினார். ஊர் சொக்கிப்போனது. இதையே விழாவாக வைத்தால் என்ன என்ற பேச்சு அப்போது வந்ததுதான். பெர்க்லியில் பசிபிக் பிலிம் ஆர்க்கைவ் என்ற படக் காப்பகத்தில் இருந்த டாம் லடியும் சேர்ந்தார். மொத்தம் நான்கு பேர். நீங்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள்.

முதல் ஆண்டு மூன்று பேருக்கு மரியாதை செய்தார்கள். மௌனப்பட நட்சத்திரம் குளோரியா ஸ்வான்சன், ‘காட்பாதர்’ இயக்குநர் பிரான்சிஸ் போர்டு கொப்போலா, அப்புறம் லெனி ரீபென்ஸ்டால். ஹிட்லர் ஆட்சிக்காகப் பிரசாரப் படம் எடுத்தவர் அந்த மூன்றாமவர். எதிர்ப்பு கிளம்பியது, கிளம்பியிருக்க வேண்டியதுதான். அவர் படத்தைப் போட்டு விவாதிப்பது ஒன்று, மேடையேற்றி மரியாதை செய்வது வேறு. இரண்டாவதைச் செய்திருக்கக் கூடாது என்பதே என் எண்ணம். உங்களுக்கும் இப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டிய நாள் வரும். அதனால்தான் இதை மறைக்காமல் சொல்கிறேன்.

கேள்வி: எங்களிடம் நல்ல தியேட்டர் இல்லை. கல்யாண மண்டபமும் பள்ளிக்கூட மைதானமும்தான் இருக்கின்றன. அவை போதுமா?

பதில்: போதும். டெல்லுரைடில் பள்ளிக்கூட ஜிம்மைக் கறுப்புத் துணியால் மூடித் தியேட்டராக்குகிறார்கள். ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் கட்டடத்தில் படம் ஓடும். ஊர்ப் பூங்காவில் ஐஸ் ஸ்கேட்டிங் விளையாடும் கூடத்துக்குள் 650 இருக்கைகள் போட்டு, 2013-ல், விழாவின் 40-ம் ஆண்டில் ஓர் அரங்கம் அமைத்தார்கள். இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் பெயர் அதற்கு. விழா முடிந்தால் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுவார்கள், பிள்ளைகள் மறுபடி விளையாடப் போய்விடுவார்கள்.

மைதானத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குத்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன்.

பிரெஞ்சு இயக்குநர் ஏபெல் கான்ஸ் 1927-ல் நெப்போலியனைப் பற்றி ஒரு மௌனப் படம் எடுத்தார். கடைசிப் பகுதியில் மூன்று புரொஜெக்டர்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் மூன்று திரைகள் வேண்டும். அந்தக் காலத் தியேட்டர்காரர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. வெட்டினார்கள், சுருக்கினார்கள், படம் சிதறிப்போனது. இங்கிலாந்தில் கெவின் பிரௌன்லோ என்ற பையனுக்கு, பள்ளியில் படிக்கும்போது, வீட்டு புரொஜெக்டரில் ஓடும் 9.5 மி.மீ. பிரதியின் இரண்டு ரீல்கள் கிடைத்தன. மீதி எங்கே என்று தேடத் தொடங்கினார். இருபத்தைந்து ஆண்டுகள் துண்டு துண்டாகத் தேடி ஒட்டினார். அப்படி மீண்டுவந்த படத்தை 1979-ல் டெல்லுரைடில், தெருவோரப் பூங்காவில், வானத்துக்குக் கீழே போட்டார்கள். கான்ஸும் வந்திருந்தார். அவருக்கு 90 வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. மலைக்குளிரில் வெளியே உட்கார முடியாது என்பதால் ஹோட்டல் அறையின் ஜன்னலருகே நின்று, கீழே போர்வைக்குள் உட்கார்ந்திருந்த ஜனங்களோடு தன் படத்தைப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் படம் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுக்கும் லண்டனுக்கும் போனது. 1981-ல் நியூயார்க்கில் எழுந்த கைதட்டலை பிரான்ஸில் இருந்த கிழவருக்குத் தொலைபேசியில் கேட்க வைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

அந்தப் பூங்காவில் நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். மகள் டென்வரில் இருந்தபோது ஆறு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி அழைத்துப்போனாள். விழாவுக்கான பாஸ் எங்கள் கைக்கு எட்டாத விலை. ஆனால் இந்தத் திறந்தவெளித் திரைக்கு டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஏபெல் கான்ஸ் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் தொடக்கம்தான், ஆனாலும் புல் சில்லென்று ஈரமாக இருந்தது. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினேன். முன்னால் இருந்த பெண் ஒன்றும் கேட்காமல் தன் போர்வையின் ஓரத்தை என் முழங்கால் வரை இழுத்துவிட்டாள். படம் தொடங்கும்வரை மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. திரையில் வெளிச்சம் விழுந்ததும் பேச்சு நின்றது. நான் திரும்பித் திரும்பி அந்தப் பழைய ஹோட்டலின் ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஜன்னல் என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

கேள்வி: பரிசுத்தொகை அறிவித்தால்தான் நல்ல படங்கள் வரும் என்கிறார்களே?

பதில்: டெல்லுரைடில் போட்டியே இல்லை. சிலருக்கு வெள்ளிப் பதக்கம் அணிவித்து மரியாதை செய்வார்கள், முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. இன்னொன்று கேளுங்கள்: என்னென்ன படங்கள் என்று விழாவுக்கு முந்தின நாள்வரை சொல்லவும் மாட்டார்கள். ஜனங்கள் அதற்கு முன்பே பாஸ் வாங்கிவிடுகிறார்கள். தேர்ந்தெடுப்பவர்களின் ரசனையை நம்பித்தான். இந்த நம்பிக்கை முதல் ஆண்டே வந்துவிடாது. உங்களுக்கே பிடிக்காத ஒரு படத்தை ‘யாராவது வருவார்கள்’ என்று போட்டால் வந்த நம்பிக்கையும் போய்விடும். பன்னிரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, முழுசாகப் பார்த்த படத்தை மட்டும் போடுங்கள்.

பரிசுப் பணத்தை மாணவர்களுக்குச் செலவழியுங்கள். இயக்குநர் பேரி ஜென்கின்ஸ் 2002-ல் டெல்லுரைடுக்கு மாணவராக வந்தவர். அடுத்தடுத்த ஆண்டுகளில் தன்னார்வலராக வேலை செய்தார். 2016-ல் அவருடைய ‘மூன்லைட்’ முதன்முதலில் திரையிடப்பட்டது அதே ஊரில்தான். மறு ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து பத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தங்க இடமும் கொடுங்கள், முதல் ஆண்டுக்கு அது போதும்.

கேள்வி: எந்த மாதம் வைக்கலாம்?

பதில்: அவர்கள் செப்டம்பர் முதல் திங்கள்கிழமையை ஒட்டி வரும் விடுமுறை நாட்களில் வைக்கிறார்கள். பனி தொடங்கியிருக்காது, சறுக்கு விளையாட வரும் கூட்டமும் இருக்காது. உங்களுக்குப் பிப்ரவரி சரி. மழை ஓய்ந்திருக்கும், பரீட்சையும் தொடங்கியிருக்காது, ராத்திரியில் வெளியே உட்காரலாம். ஆடிக்காற்றில் மட்டும் வேண்டாம், திரைத்துணி பாய்மரம் மாதிரி ஊதிக்கொள்ளும்.

காலண்டரில் அமாவாசையையும் பாருங்கள். நான் பிலிம் சொசைட்டி நடத்திய காலத்தில், புனே ஆவணக் காப்பகத்திலிருந்து ரயிலில் வந்த 16 மி.மீ. பெட்டியைப் பௌர்ணமிக்கு மறுநாள் மைதானத்தில் ஓட்டினோம். கறுப்பு வெள்ளைப் படம். முதல் ரீல் முடிவதற்குள் நிலா எழுந்துவிட்டது. இரவுக் காட்சிகள் எல்லாம் வெளிறி, நடிகர்களின் முகமே தெரியவில்லை. ஆபரேட்டர் என்ன செய்வார் பாவம், விளக்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அதிலிருந்து தேய்பிறைக் கடைசியில்தான் வைத்தோம்.

தேதி முடிவானதும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு முந்தின நாளே வந்துவிடுகிறேன்.